ரொட்டிக்காரர் தூங்குகிறார்

எங்கள் தெருவில் ஒரு குழந்தையை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். வயது நான்கு. காலையில் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு வாசலில் இறங்கும்போதே நிலையத்தைத் திறந்துவிடுவாள். மழை எங்கே தூங்கும், எறும்புக்கு முட்டி உண்டா, டீச்சர் தும்மினால் ஏன் ஜன்னல் ஆடுகிறது என்று அவள் கேட்டுக்கொண்டே போக, தையல் கம்பெனிக்கு நேரமாகிவிட்ட தாய் ‘ம், ம்’ என்று இழுத்துக்கொண்டு ஓடுவாள். பக்கத்து வீடு என்பதால் எனக்கு அலாரம் வைக்கும் செலவு மிச்சம்.

இந்த ரேடியோ பாடாத இடம் ஒன்றே ஒன்று. அது அவளுடைய அப்பாவின் எதிரில்.

அப்பா பேக்கரியில் வேலை செய்கிறார். இரவெல்லாம் அடுப்பு முன்னால் நின்றுவிட்டு, நாங்கள் வாசல் பெருக்கும் நேரத்துக்குப் புருவத்தில் மாவோடு திரும்பி வருவார். தெருவில் அவருக்கு ரொட்டிக்காரர் என்று பெயர். பகல் முழுக்கத் தூக்கம். சாயங்காலம் எழுந்து குளித்தால், வேலைக்குப் போவதற்கு முன் கொஞ்ச நேரம் பெண்டாட்டி பிள்ளையோடு இருப்பார். அந்தக் கொஞ்ச நேரம்தான் ரேடியோவுக்கு மின்வெட்டு.

கோபமோ பயமோ இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த மனிதரைப் பற்றி நீங்கள் வேறு மாதிரி நினைத்துவிடுவீர்கள். அவர் எழுந்து உட்கார்ந்ததும் ஓடிப் போய் மடியில் ஏறிக்கொள்வாள். அவர் காது மடலைப் பிடித்துத் திருகிக்கொண்டிருப்பாள். சிரிப்பாள். கேட்டதற்குத் தலையாட்டுவாள், வேண்டியதை விரலால் காட்டுவாள். வாயை மட்டும் திறக்க மாட்டாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை திரும்பிய மறுநொடி, “அம்மா, இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா” என்று ஆரம்பிக்கும் சத்தம் என் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும்.

ரொட்டிக்காரர் என்ன செய்வார், மகள் பேசியதை எல்லாம் அடுத்தவர் வாயிலிருந்து பொறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார். காலையில் என்னைப் பார்த்தால் நின்றுவிடுவார்.

“அக்கா, நேத்து ஏதாவது சொன்னாளா?”

“எறும்புக்கு முட்டி இருக்கான்னு கேட்டா, தம்பி.”

“அப்படியா.” கண் இடுங்கும் தூக்கத்திலும் முகம் விரியும். “இருக்கான்னா? அவளுக்கு எப்படி இதெல்லாம் தோணுது.”

கேட்கிற ஆள் இவ்வளவு ஆசையாகக் கேட்டால் சொல்கிறவள் கைச்சரக்கைச் சேர்க்காமல் இருக்க முடியுமா. நானும் சேர்த்தேன். டீச்சர் சொன்னதும் நான் சொன்னதும் ஒருநாள் ஒன்றுக்கொன்று இடித்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை, இரண்டையும் வைத்துக்கொண்டார்.

அவர் மனைவி, தையல்காரி, கெட்டிக்காரப் பெண். ஒருநாள் மகள் பேசுவதைப் போனில் பதிவு செய்து அவருக்குப் போட்டுக் காட்டினாள். திரும்பத் திரும்பக் கேட்டாராம். கடைசியில் போனைக் கொடுத்துவிட்டு, “இது உங்கிட்ட சொன்னது. எனக்குச் சொன்னதில்லையே. எங்கிட்ட ஒரு வார்த்தை, அப்பான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்” என்றாராம். அவள் இதை என்னிடம் சொல்லும்போது கையிலிருந்த துணியில் இல்லாத நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

உதவி கேட்காமலும் இருக்கவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் குழந்தைகள் மையம் இருக்கிறது. ஒரே கட்டடம், மூன்று கதவுகள். ஒரு கதவுக்குப் பின்னால் குழந்தைகளுக்கு ஊசி போட்டு எடை பார்க்கும் நர்ஸ். அடுத்த கதவுக்குப் பின்னால் சின்னப் பிள்ளைகளின் வகுப்பும் டீச்சரும். மூன்றாவது கதவு, குடும்பங்களுக்கு உதவும் பிரிவு. அங்கிருந்து ஒரு பெண் வீடு வீடாக வந்து பிள்ளை வளர்ப்பு எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவாள். அவளை நாங்கள் விசிட்டர் என்போம். எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. என் பிள்ளைகள் வளர்ந்து அவரவர் வழியில் போய்விட்டார்கள், அவளுக்கு நல்லகாலம்.

ரொட்டிக்காரர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு மூன்று கதவையும் தட்டினார். நர்ஸ் குழந்தையின் காதில் விளக்கடித்துப் பார்த்து, தொண்டையைப் பார்த்து, “எல்லாம் நல்லா இருக்கு, எனக்கு இதுல வேலை இல்லை, டீச்சரைப் பாருங்க” என்றாள். டீச்சர், “இவளைப் பேச வைக்கணுமா? நாங்க நிறுத்த வழி தேடிக்கிட்டிருக்கோம், விசிட்டரைக் கேளுங்க” என்றாள். விசிட்டர், “உங்க வீடு மாதிரி அமைதியான வீட்டை நான் பார்த்ததே இல்லை, எதுக்கும் நர்ஸ்கிட்ட காதைக் காட்டிடுங்க” என்றாள். மனிதர் அந்தக் கட்டடத்தைப் பிரதட்சணம் செய்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் வட்டமேசை வந்தார்.

மூன்று பிரிவையும் ஒருங்கிணைப்பதற்கென்று மேலிடம் அனுப்பிய பெண் அதிகாரி அவர். வந்ததும் கூட்ட அறையில் இருந்த நீள மேசையை வெளியே போடச் சொன்னார். பதிலுக்கு ஒரு வட்ட மேசை வந்தது. அது வாசலில் நுழையவில்லை. காலைக் கழற்றி, பக்கவாட்டில் சாய்த்து, உருட்டி, அரைத் தெரு வேடிக்கை பார்க்க உள்ளே போயிற்று. அன்றிலிருந்து அந்த அம்மாவுக்கு வட்டமேசை என்று பெயர் விழுந்தது. ஒரு குழந்தையைப் பற்றி மூன்று பேர் மூன்று இடத்தில் பேசக்கூடாது, ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது அவர் கட்சி. நாங்கள் சிரித்தோம். நர்ஸும் டீச்சரும் கைகழுவும் தொட்டியை யார் அடைத்தது என்ற தகராறில் முகம் கொடுத்துப் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. முதலில் இவர்களைப் பேச வைத்தால் பிள்ளை தானாகப் பேசும் என்று நானே இரண்டு வீடுகளில் சொன்னேன்.

என் சமையலறை ஜன்னலும் அந்தக் கூட்ட அறை ஜன்னலும் கை நீட்டினால் தொட்டுக்கொள்ளும். ஒட்டுக் கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் பாத்திரம் கழுவும்போது காதைக் கழற்றியா வைக்க முடியும்.

ரொட்டிக்காரரும் மனைவியும் அன்று மேசையில் இருந்தார்கள். ரேடியோ பக்கத்து வகுப்பில் பொம்மைகளுக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தாள். முதலில் ஆளாளுக்குப் பழைய பாட்டையே பாடினார்கள். காது நன்றாக இருக்கிறது, பேச்சு நன்றாக இருக்கிறது, வீடு நன்றாக இருக்கிறது.

வட்டமேசை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “சரி. உங்க மூணு பேருக்கும் பிரச்சினை இல்லை, இவருக்கு மட்டும்தான் இருக்கு. இப்ப வேற ஒண்ணு கேக்குறேன். இந்தக் குழந்தைக்கு என்ன குறைன்னு சொல்ல வேண்டாம். இந்த வீட்டுக்கு நீங்க இதுவரைக்கும் என்ன சொல்லிக் கொடுத்தீங்க? அதை மட்டும் சொல்லுங்க.”

நர்ஸ் முதலில் சொன்னாள். “பாப்பா பிறந்த புதுசுல இவருக்குத் தலைசுத்தல் வந்துச்சு. அடுப்புக்கிட்ட நிக்கிற ஆளு, தூக்கம் இல்லைன்னா விழுந்துடுவார். பகல்ல பாப்பா சத்தம் இல்லாம பார்த்துக்கோம்மான்னு சொன்னேன். ஊசிக்கு வரும்போதெல்லாம் ஞாபகப்படுத்துவேன். பாப்பா கொஞ்சம் வளர்ந்ததும் அவகிட்டயே சொன்னேன்.”

“நான் ஒரு படம் வரைஞ்சு கொடுத்தேன்” என்றாள் விசிட்டர். “உதட்டுல விரல் வச்ச நிலா. அப்பா தூங்கும்போது அறைக் கதவுல மாட்டணும். நிலா இருந்தா பேசக் கூடாது. நல்லா வேலை செஞ்சுது மேடம்.”

“படத்தை எப்ப எடுக்கணும்னு சொன்னீங்களா?”

விசிட்டர் ரொட்டிக்காரரின் மனைவியைப் பார்த்தாள். மனைவி மேசையைப் பார்த்தாள். “அது எப்பவும் அங்கதான் தொங்குது” என்றாள்.

மிச்சம் இருந்தது டீச்சர். வட்டமேசை அவள் பக்கம் திரும்பியதும் தொண்டையைச் செருமிக்கொண்டாள். “வகுப்புல ஒரு விளையாட்டு வச்சிருக்கேன். ஒரு பிள்ளை அப்பா மாதிரி படுத்துத் தூங்கணும். மத்ததுங்க சத்தம் போடாம சுத்தி நடக்கணும். யாரு வாயைத் திறக்கலையோ அவங்கதான் ஜெயிச்சது. இவளை அடக்க எனக்கு வேற வழி தெரியலை. அவங்க அப்பா பகல்ல தூங்குறவர்னு தெரியும், அதான் அப்படியே வச்சேன்.” மேசை விளிம்பைத் தடவினாள். “எப்பவும் அவதான் ஜெயிப்பா.”

குழாயை மூடினேன். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்பதால்.

“நீ இப்படிச் சொல்லிக் கொடுத்தது எனக்குத் தெரியாதே” என்றாள் நர்ஸ், டீச்சரிடம் நேராக. தொட்டி அடைத்த நாளுக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு.

“நீங்க சொன்னது மட்டும் எனக்குத் தெரியுமா?”

“நானும் சொல்லியிருக்கேன்” என்றாள் தாய். “அப்பா தூங்கலைன்னா அப்பாவுக்கு ஏதாவது ஆயிடும்னு. சரின்னு தலையாட்டினா.”

“ஆக நாலு பேர் நாலு பக்கமும் நின்னு ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்கோம்” என்றார் வட்டமேசை. “குழந்தை ரொம்ப நல்லா கேட்டிருக்கு.”

ரொட்டிக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “சாயங்காலம் நான் முழிச்சுத்தானே இருக்கேன்” என்றார்.

“அது அவளுக்கு எப்படித் தெரியும்? முழிச்சிருக்கும்போதும் நீங்க கொட்டாவிதானே விடுறீங்க.”

யாரோ சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு யாராவது அவகிட்டச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேக்குறாளே.”

அந்தக் கட்டடத்தில் நான் பார்த்தவரை மூன்று கதவும் ஒன்றாகத் திறந்தது அந்த வாரம்தான். நர்ஸ் குழந்தையை உட்கார வைத்து, “உங்க அப்பா நல்ல பலசாலி, இனிமே அவருக்குச் சத்தம்தான் மருந்து” என்றாள். டீச்சர் அந்த விளையாட்டை மூட்டை கட்டினாள். விசிட்டர் வீட்டுக்கு வந்து தன் கையாலேயே நிலாவைக் கழற்றிச் சுருட்டி அலமாரி மேல் வைத்தாள். ரேடியோ எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மறுநாள் காலையில் நிலா பழைய ஆணியிலேயே தொங்கியது. முக்காலி போட்டு ஏறி மாட்டியிருக்கிறாள். அப்பாவுக்கு ஆபத்து என்று நாலு பெரிய மனிதர்கள் சொன்னதை ஒரு நர்ஸ் மாற்றிச் சொன்னால் நம்பிவிட அவள் என்ன விவரம் தெரியாதவளா.

அடுத்த யோசனை வட்டமேசையுடையது. அவள் தாராளமாகப் பேசுகிற இடம் வகுப்புதானே, அப்பா அங்கே வந்து உட்காரட்டும், விழித்த கண்ணோடு அவர் இருப்பதை அவள் பார்க்கட்டும். நல்ல யோசனைதான். காலை வகுப்பு என்பதை மட்டும் அந்த மேசையில் இருந்த யாரும் யோசிக்கவில்லை. ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வருகிற ஆளைக் காலையில் கூப்பிட்டு உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பது அத்தனை படிப்பிலும் வராமல் போயிற்று. ரொட்டிக்காரரும் சொல்லவில்லை. கூப்பிட்டதே பெரிது என்று இருந்திருப்பார்.

வந்தார். இஸ்திரி போட்ட சட்டையில் அவரை நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். டீச்சர் காகிதம் வெட்டப் பழைய பேப்பர் வேண்டும் என்று எப்போதோ கேட்டிருந்தாள். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கும் அன்றுதான் நேரம் கிடைத்தது. குழந்தை நாற்காலியில், முட்டி மோவாயில் இடிக்க, சுவரோரம் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் கதவருகே. விசிட்டர் ஜன்னலில். வட்டமேசை பொம்மை அலமாரியை ஆராய்வதுபோல். பரீட்சை எழுதுகிறவனைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் எல்லாம் நின்றால் எப்படி இருக்கும், அப்படி.

ரேடியோ அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். வந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டீச்சர் கேள்வி கேட்டாள், தலையாட்டினாள். படத்தைக் காட்டினாள், விரல் நீட்டினாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் நான் நான் என்று கத்த, அந்த ஒரு வாய் மட்டும் பூட்டிக் கிடந்தது. ரொட்டிக்காரர் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக இளவெயில் அவர் தோளில் விழுந்தது. கண் செருகிற்று, திறந்தது, மறுபடி செருகிற்று. தலை சுவரில் சாய்ந்தது. வாய் பிளந்து, மெல்லிய குறட்டை ஒன்று கிளம்பிற்று.

டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. நர்ஸ் பல்லைக் கடித்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு வாண்டு கட்டைகளை அடுக்கிய கோபுரத்தைத் தடதடவென்று சாய்த்தான். ரேடியோ விருட்டென்று திரும்பினாள். இரண்டு கையும் இடுப்பில்.

“டேய், சத்தம் போடாத. எங்க அப்பா தூங்குறாங்க. ராத்திரி பூரா நின்னுட்டு வந்திருக்காங்க. நீ காலையில திங்குறல்ல ரொட்டி, அது யாரு செஞ்சது? எங்க அப்பா. நெருப்புக்கிட்ட நிப்பாங்க. அப்பா கை எவ்வளவு சூடா இருக்கும் தெரியுமா? பயமே கிடையாது. தூங்குனாத்தான் மறுபடியும் பலம் வரும்.”

ஊரை அதட்டும் குரல். குறட்டை நின்றிருந்தது. கண் திறக்கவில்லை. ஆனால் குரல்வளை ஒருமுறை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். அவரை எழுப்ப நர்ஸ் ஓரடி எடுத்து வைத்தாள். வட்டமேசை அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். நான் பார்த்ததை அந்த அம்மாவும் பார்த்துவிட்டார்.

ரேடியோ டீச்சரின் நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்துவந்து அப்பாவின் முட்டிமேல் போர்த்தினாள். பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டு, அப்பா எவ்வளவு பெரிய மாவு உருண்டையைத் தூக்குவார் என்பதைக் கையை விரித்து மற்றப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆரம்பித்தாள். என்னைவிட அதிகமாகக் கைச்சரக்கு சேர்க்கிறாள். வகுப்பு முடியும்வரை அவர் அசையவில்லை. பிறகு மெல்ல எழுந்தார், மெல்லக் கொட்டாவி விட்டார். அவள் வாய் மூடிக்கொண்டது.

மரத்துப்போன காலை உதறிக்கொண்டே வெளியே வந்தவர் என்னிடம் நின்றார்.

“கேட்டேன் அக்கா. என்னைப் பத்தித்தான் சொன்னா.”

“கேட்டீங்கள்ல தம்பி, அப்புறம் என்ன.”

“ஆனா எங்கிட்ட சொல்லலையே” என்றார். பசியோடு வந்தவனுக்கு வாசனையைக் காட்டி அனுப்பியதுபோல இருந்தது அவர் முகம்.

அடுத்த கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். வீட்டிலும் அவர் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு கேட்கட்டும் என்று டீச்சர் சொன்னதை நர்ஸ் ஒத்துக்கொள்ளவே இல்லை. “தூங்குற மாதிரி நடிச்சுக்கிட்டே ஒரு மனுஷன் பிள்ளை வளர்க்க முடியுமா?” டீச்சர், “வேற வழி இருந்தா சொல்லுங்க” என்றாள். இப்போது இருவரும் நன்றாகப் பேசிக்கொண்டார்கள், சண்டை போடுகிற அளவுக்கு.

வட்டமேசை ரொட்டிக்காரரைப் பார்த்துச் சொன்னார். “தன் சத்தத்துல நீங்க எழுந்துக்கலை, உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னு அவ பார்த்துட்டா. தூங்கும்போது பேசுறான்னா, அங்கேயிருந்தே ஆரம்பிப்போம். ஆனா அவளை ஏமாத்த வேண்டாம். நீங்க கேட்டுக்கிட்டுத்தான் இருக்கீங்கன்னு அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாத் தெரியணும். எப்ப, எப்படின்னு எனக்குத் தெரியாது. அது உங்க வீடு.”

அதன் பிறகு சாயங்காலங்களில் அவர் குளித்துவிட்டு வந்து கூடத்துப் பாயில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டார். மகள் பொம்மைகளை வைத்துக்கொண்டு அடிக்குரலில் முணுமுணுப்பாள். என் சுவருக்கு அந்த முணுமுணுப்பு எட்டாது. காதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஒருநாள் குரல் எட்டியது. “அம்மா, என் இன்னொரு செருப்பு எங்க?” அம்மா அடுப்படியில் இருந்தாள். கேட்டும் கேட்காத மாதிரி இருந்தாளாம். மகள் இரண்டாம் தடவையும் கேட்டாள்.

“கட்டிலுக்கு அடியில” என்றது கனத்த குரல்.

அடுப்படியில் இருந்தவள் கரண்டியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்திருக்கிறாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. குழந்தை செருப்பைத் தேடப் போகாமல் பாயைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். குனிந்தாள். அவர் முகத்துக்கு வெகு கிட்டத்தில் தன் முகத்தைக் கொண்டுபோனாள்.

“அப்பா.”

அவர் மூச்சுக்கூட விடவில்லையாம்.

“தூங்குறீங்களா?”

“ஆமா” என்றார்.

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டு, அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டாள். வகுப்பில் ஒருத்திக்குப் பல் விழுந்தது, அதை அவள் டீச்சரின் டம்ளரில் போட்டது, டீச்சர் அதைப் பார்க்காமல் குடிக்கப் போனது. அன்று ரொட்டிக்காரர் வேலைக்குத் தாமதமாகப் போனார்.

வட்டமேசையில் இதைச் சொன்னபோது, வேலை முடிந்தது என்று டீச்சர் எழுந்தாளாம். இன்னும் முடியவில்லை என்று அந்த அம்மா உட்கார வைத்தார். முடியவில்லைதான். தையல்காரி துணி காயப் போடும்போது மதில்மேல் சாய்ந்துகொண்டு என்னிடம் சொன்னாள்.

“கண்ணை மட்டும் திறக்க மாட்டேங்கிறார் அக்கா. திறந்தா நின்னுடுமோன்னு பயம். அப்படி இறுக்கி மூடிக்கிட்டுத் தூங்குற ஆளை நான் பார்த்ததே இல்லை. அவளுக்கும் தெரியும்னுதான் நினைக்கிறேன். தெரியாத மாதிரி இருக்கா.”

“இருக்கட்டும் விடு. பேசுறாளே.”

“நேத்து எங்கிட்ட மெதுவாக் கேக்குறார், தன்கிட்ட பேசும்போது அவ மூஞ்சி எப்படி இருக்கும்னு.”

“நீ என்ன சொன்ன?”

“என்னத்தைச் சொல்றது. புருவம் தூக்குவா, மூக்கைச் சுருக்குவான்னு சொல்ல ஆரம்பிச்சேன். வேண்டாம் நிறுத்துன்னுட்டார். நானே பார்த்துக்கிறேன்னார்.”

அவள் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெயில் தாழ்ந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ மூச்சுவிடாமல் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள், நடுநடுவே ஒரு கனத்த குரல் ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தது.